ஐப்பசியில் தொடங்கும் குளிர்காலம்

இந்தியாவின் பெரும்பகுதிக்குக் குளிர்காலம் என்பது வறண்ட காலம். தென்மேற்குப் பருவமழை விலகி, வானம் தெளிந்து, வடக்கிலிருந்து உலர்ந்த காற்று இறங்கினால் அங்கே குளிர்காலம் வந்துவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நம்முடைய குளிர், மழையோடு வருவது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பகுப்பில் சனவரியும் பிப்ரவரியும் மட்டுமே குளிர்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது பருவமழைக்குப் பிந்தைய காலம். தமிழ்நாடு தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைப் பெறுவதே வடகிழக்குப் பருவமழை பெய்யும் இந்த மூன்று மாதங்களில்தான். எனவே நம் ஊர்க் குளிர்காலத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் தை மாதத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஐப்பசியிலிருந்து தொடங்க வேண்டும். மார்கழியில் நாம் விரும்பி எழுந்து அனுபவிக்கும் பனியும், தைப் பொங்கலுக்குச் சந்தையில் குவியும் கிழங்கும் அவரையும் ஐப்பசி மழை விட்டுச் சென்ற ஈரத்தின் விளைவுகளே.

நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், கரிசல் காட்டில். வாழ்வது சென்னையில். இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரே பருவமழைதான். ஆனால் இரண்டு ஊர்களிலும் அதை எதிர்நோக்கும் மனநிலை வேறு. ஏதேனும் ஓர் ஆண்டில் எல் நினோ என்ற சொல் செய்திகளில் அடிபடத் தொடங்கியதும் ஊரிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் கேட்பார்: "எல் நினோ வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கானே, இந்த வருசம் மழை கெடையாதாப்பா?" அவர் கேட்பதில் தவறில்லை. வட இந்தியாவையும் நடு இந்தியாவையும் மனத்தில் வைத்து எழுதப்படும் செய்தி, தமிழில் வரும்போதும் அதே அச்சத்தோடு வந்துவிடுகிறது. எல் நினோ என்றால் வறட்சி என்ற சமன்பாடு தென்மேற்குப் பருவமழைக்கு ஓரளவு உண்மை. நம் குளிர்காலத்துக்கோ பெரும்பாலும் நேர்மாறானதே உண்மை. ஊர்க்காரர் ஒருவர் உளுந்து விதைப்பதா, நிலத்தைச் சும்மா போடுவதா என்று முடிவெடுக்கும் வாரங்களில் அவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

காரணம் பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது. வழக்கமான ஆண்டுகளில் அந்தக் கடலின் வெதுவெதுப்பான நீர் மேற்கே இந்தோனேசியப் பக்கம் திரண்டு நிற்கும். காற்று அங்கே மேலெழுந்து மழையாகப் பெய்யும். எல் நினோ ஆண்டில் அந்த வெப்ப நீர் நடு, கிழக்குப் பசிபிக்கை நோக்கி நகர்ந்துவிடுவதால், காற்று மேலெழும் இடமும் நகர்கிறது. இந்தோனேசியாவின் மேல் காற்று கீழிறங்கத் தொடங்குகிறது. இதனால் தென்மேற்குப் பருவ மாதங்களில் இந்தியத் துணைக்கண்டத்தின் மேல் மழைமேகம் திரள்வது தடைப்படுகிறது. ஆனால் அக்டோபருக்குப் பிறகு மழைப் பட்டை தெற்கே இறங்கி வந்துவிட்ட நிலையில், அதே மாற்றம் இந்தியப் பெருங்கடலின் மேல் கிழக்குக் காற்றை வலுப்படுத்துகிறது; வங்கக் கடலின் ஈரம் தமிழகத்தையும் இலங்கையையும் நோக்கித் தள்ளப்படுகிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்குப் பகுதியைவிடச் சூடாக இருக்கும் ஆண்டுகளில் இந்த விளைவு மேலும் கூடுகிறது. 1997, 2015, 2023 ஆகிய மூன்றும் எல் நினோ ஆண்டுகள். 2015 டிசம்பர் முதல் நாளைச் சென்னைவாசிகளுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறு ஆண்டு, பசிபிக் எதிர்நிலைக்குத் திரும்பி மெல்லிய லா நினா நிலவிய 2016இல், வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் பெய்திருக்க வேண்டிய மாநிலத்தில் 17 சென்டிமீட்டர் அளவுக்கே பெய்தது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதே தவிர, மாநிலத்தின் பற்றாக்குறையைத் தீர்க்கவில்லை. 2017 சனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது.

இந்த உறவை ஒரு சட்டமாக எடுத்துக்கொண்டாலும் ஏமாற்றமே மிஞ்சும். 2010உம் 2021உம் லா நினா ஆண்டுகள். இரண்டிலும் தமிழகத்தில் இயல்பைவிடக் கூடுதலாகப் பெய்தது. 2021 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. மறுபக்கம், எல் நினோ உருவாகிக்கொண்டிருந்த 2018இல் பருவமழை ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. அடுத்த கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. பசிபிக் முடிவு செய்வது வாய்ப்பை மட்டுமே. அந்த வாய்ப்பு மழையாக மாறுவது, வங்கக் கடலில் தாழ்வுநிலைகள் எங்கே உருவாகி எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைப் பொறுத்தது. சில வாரங்களுக்கொரு முறை வெப்பமண்டலக் கடல்களைச் சுற்றிவரும் மேகக் கூட்டம் எப்போது நம் பக்கம் வந்து நிற்கிறது என்பதும் அதில் சேரும். ஆந்திரக் கரைக்குப் போகும் புயல் தமிழகத்தின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதன் பிறகு சில நாட்கள் நமக்கு வறண்ட வடமேற்குக் காற்றுதான். கடலோரக் கிராமங்களில் புயலின் பெயரைவிட அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையே முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வி மிகச் சரியானது.

மழை பெய்யும் நேரத்துக்கும் இந்தப் பருவத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. தென்மேற்குப் பருவ மாதங்களில் சென்னையில் மாலையிலோ முன்னிரவிலோ இடி இடித்துப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரையோரம் பின்னிரவிலும் விடியற்காலையிலும் பெய்வது அதிகம். இரவில் நிலம் குளிர்ந்துவிட, கடல் வெதுவெதுப்பாகவே இருப்பதால், நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் மெல்லிய காற்று வடகிழக்குக் காற்றோடு மோதி, கரைக்கு அருகிலேயே மேகங்களை எழுப்புகிறது. அவை விடியும் நேரத்தில் கரையேறுகின்றன. காஞ்சிபுரத்திலோ வேலூரிலோ வானம் வெறிச்சோடியிருக்கும்போது திருவான்மியூரில் அடித்துப் பெய்வதன் காரணமும் இதுவே. விடியற்காலை மழையோடு விழித்து, பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று தொலைக்காட்சியைப் பார்க்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே இயல்பாகிப்போனது இந்தக் காற்றுகளின் சந்திப்பால்தான்.

இந்த நாட்களின் குளிர் பகல் குளிர். சூரியன் தெரியாததால் சென்னையின் பகல் வெப்பம் 25, 26 டிகிரிக்கு மேல் ஏறாது. இரவிலோ மேகங்கள் போர்வையாக நிற்பதால் அதிகம் இறங்காது. பகலும் இரவும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். துணி காயாது, சுவர் வியர்க்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும். மார்கழி பாதியில் மழை ஓய்ந்தால் எல்லாம் தலைகீழாகும். வெயில் பளீரென்று அடித்துப் பகல் 29, 30 டிகிரியைத் தொடும். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட, கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் விடியலில் 17, 18 டிகிரி வரை இறங்கும். பழந்தமிழர் ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும், மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் மூன்றாகப் பிரித்தது வெறும் அழகுக்காகச் செய்த பிரிவினை அன்று. இந்த நிலத்தில் மூன்றும் உண்மையிலேயே வெவ்வேறு வானிலைகள். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழியை என் பாட்டி சொல்லும்போது, அடுத்த மாதம் பனி இன்னும் தடிக்கும் என்ற எச்சரிக்கையாகவே எங்களுக்குக் கேட்கும்.

பனிக்கு இரண்டு வேண்டும்: தெளிந்த இரவு, தரையோரக் காற்றில் ஈரம். முதலாவது எல்லா ஆண்டும் கிடைத்துவிடும். இரண்டாவது, முன்பு பெய்த மழையைப் பொறுத்தது. மழை பொய்த்த ஆண்டில் காய்ந்த மண் இன்னும் விரைவாகக் குளிர்ந்து, வெப்பமானி சற்றுக் குறைந்த எண்ணைக்கூடக் காட்டலாம். ஆனால் புல்லில் பனி தங்காது, வயல்மேல் மூடுபனி நிற்காது. குளம் நிறைந்த ஆண்டில் எண் சற்றுக் கூடுதலாக இருந்தும், விடியலில் வீட்டு முற்றம் தெளித்ததுபோல் நனைந்திருக்கும். இந்த வருடம் மார்கழி மார்கழியாகவே இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை வெப்பமானியை வைத்து மறுக்க முயல்வோர், அவர்கள் பேசுவது ஈரத்தைப் பற்றி என்பதைக் கவனிப்பதில்லை.

கரிசல் காட்டில் இந்த ஈரம் உயிரோடு தொடர்புடையது. எங்கள் பக்கம் முழுவதும் மானாவாரி. புரட்டாசியில், மழை வருவதற்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார்கள்: உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்பு, பருத்தி. மழைக்குப் பிறகு விதைக்கலாம் என்று காத்திருந்தால், ஈரக் கரிசலில் கால் வைக்க முடியாது. ஏர் இறங்காது, டிராக்டரும் இறங்காது. ஆகவே முன்கூட்டியே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். முதல் நல்ல மழை தள்ளிப்போனால் எறும்பும் பறவையும் விதையைத் தின்றுவிடும். அரைகுறையாக ஒரு தூறல் விழுந்தால் அது அதைவிடக் கெடுதல். விதை முளைத்து, அடுத்த மழை இல்லாமல் கருகிவிடும். மறு விதைப்புக்கு மறுபடியும் விதை வாங்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். கார்த்திகை வரை மழை ஒழுங்காகப் பெய்து, பிறகு நின்றுவிட வேண்டும் என்பதே கரிசல் விவசாயியின் விருப்பம். ஏனென்றால் அதன் பிறகு பயிரைக் காப்பது மண்ணுக்குள் இருக்கும் ஈரமும் இரவுப் பனியும். கொத்தமல்லி அப்படி விளைவது. கொங்குப் பகுதியில் உடுமலை, குடிமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலங்களில் கொண்டைக்கடலையை அப்படித்தான் விளைவிக்கிறார்கள். பனியே அதற்கு நீர். காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்கு ஊடே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிறார்கள். நெல் அறுபட்ட பிறகு, எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது காய்த்துவிடும். தனியே நீர் பாய்ச்சுவதில்லை. குளிர்காலத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று நம்பியிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேளாண்முறையை நான் அறியேன்.

அந்த வரிசை குலையும்போது இழப்பும் இருமடங்காகிறது. 2021 சனவரியில், பொங்கலையொட்டி, பனி பெய்ய வேண்டிய நாட்களில் மழை பெய்தது. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அதுவே நடந்தது. நெல் கொள்முதலில் 17 விழுக்காடு என்றிருந்த ஈரப்பத வரம்பைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஒரே மழை ஐப்பசியில் வரமாகவும் தையில் கேடாகவும் இருப்பதால், நல்ல மழை, கெட்ட மழை என்ற பேச்சு இங்கே மாதத்தைச் சொல்லாமல் நிறைவு பெறாது.

மாதத்தை மட்டும் சொன்னாலும் போதாது, தொழிலையும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே விளாத்திகுளத்துக்காரர் ஐப்பசியில் மழை வேண்டுமென்று கும்பிடும்போது, தூத்துக்குடி, முத்தையாபுரம் உப்பளக்காரர் அது சீக்கிரம் முடிய வேண்டுமென்று விரும்புவார். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு இந்தக் கடற்கரையில் விளைகிறது. மழை விழுந்ததும் பாத்திகள் கரைந்துபோகும். தை பிறந்து பாத்தியைச் செப்பனிட்டு, வெயில் ஏறிய பின்னரே மறுபடி உப்பு வாருவார்கள். இடைப்பட்ட மாதங்களில் உப்பளத் தொழிலாளருக்கு வேலை இல்லை. அண்மை ஆண்டுகளில் மாநில அரசு மழைக்கால நிவாரணம் வழங்கிவருகிறது. ஒரே மாவட்டத்துக்குள் ஒருவரின் விதைப்புக் காலம் இன்னொருவரின் பட்டினிக் காலம். எல் நினோ ஆண்டின் கூடுதல் மழையை நல்ல செய்தியாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உப்பளத்துப் பெண்களின் நினைவு வந்து, சொல்லை அளந்து பேசத் தோன்றும்.

உணவிலும் பூவிலும் நாம் குளிர்கால விருப்பம் என்று சொல்பவற்றில் பெரும்பகுதியை இந்தப் பருவமே தேர்ந்து கொடுத்திருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பொங்கலன்று சிறுகிழங்கு இல்லாத இலை கிடையாது. மழையில் பெருத்து மார்கழி, தையில் தோண்டப்படும் கிழங்கு அது. பனங்கொட்டைகளை ஆவணி, புரட்டாசியில் மண்ணில் புதைத்துவைத்தால், பருவமழை அவற்றை முளைக்கவைத்து, தையில் பனங்கிழங்காகத் தருகிறது. ஆடியில் பந்தலடியில் ஊன்றிய நாட்டு அவரை, கொடி எவ்வளவு படர்ந்தாலும் கார்த்திகை வரை பூக்காது. இரவு நீண்டு பகல் குறுகினால்தான் அதற்குப் பூக்கும் பருவம். மொச்சையும் அப்படியே, பழைய சம்பா நெல் வகைகளும் அப்படியே. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத புதிய வகைகள் வந்து ஆண்டு முழுதும் அவரைக்காய் கிடைக்கிறது. ஆயினும் மார்கழி அவரையின் மணம் வேறு என்று என் அம்மா உறுதியாகச் சொல்வார். நானும் அப்படியே உணர்கிறேன்.

பூவில் மல்லிகை பின்வாங்கிவிடும். குளிரிலும் பனியிலும் மொட்டு குறைந்து, மதுரைப் பூச்சந்தையில் பொங்கலுக்கு முன் கிலோ ஆயிரங்களில் போகும். அந்த இடைவெளியை வீட்டுக் கொல்லையில் பூக்கும் டிசம்பர் பூ நிரப்பும். மணமில்லாத அந்த ஊதாப் பூவைக் கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்ட பெண்கள், மல்லிகைக்கு மாற்றாக அதை நினைத்ததில்லை. அந்த மாதத்துக்கு உரிய பூவாகவே விரும்பினார்கள். நகரத்தில் இன்று அதை விற்பவர் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தமே.

உடம்பின் விருப்பங்களும் உண்டு. சுக்குமல்லிக் காபி, மிளகு தூக்கலான வெண்பொங்கல், தூதுவளை ரசம், இரவில் தயிரைத் தவிர்ப்பது, விடியற்காலையில் வெளியே போனால் தலைக்கு மப்ளரோ துண்டோ சுற்றிக்கொள்வது. 21 டிகிரியில் குல்லா போட்டுக்கொண்டு நடைப்பயிற்சி செய்யும் சென்னைக்காரரைக் குளிர்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வருவோர் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலி எனக்கு ஒப்புதல் இல்லை. ஆண்டின் பெரும்பகுதியும் வெப்பத்துக்குப் பழகிய உடம்பு, பருத்திச் சட்டையோடு, ஈரக் காற்றில் நிற்கிறது. வீடுகளும் வெப்பத்தை வெளியேற்றுவதற்காகவே கட்டப்பட்டவை: கல்தரை, காற்றோட்டச் சன்னல், ஓட்டுக்கூரை. பனிக்கு எதிராக அவற்றில் எந்த ஏற்பாடும் இல்லை. உறைபனியைத் தாங்கும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். அங்கே மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவுகளில் தலைக்குந்தா, அவலாஞ்சிப் புல்வெளிகள் வெளுத்துவிடும். தேயிலைக் கொழுந்து கருகும். பருவமழை சனவரி வரை நீண்டால் அங்கே உறைபனியும் தள்ளிப்போகும்.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இதே காற்றுதான், இதே மழைதான். அங்கே பெரிய நெற்பருவமான காலபோகம் முழுவதும் இந்த மாதங்களை நம்பியது. வடகிழக்கு மழையில் விதைத்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். வாடைக் காற்று தொடங்கியதும் மீன்பிடிக்கும் இடமும் முறையும் மாறுவதை யாழ்ப்பாணக் கடலோரத்தாரும் வேதாரண்யத்தாரும் ஒரே சொற்களில் விவரிப்பார்கள்.

கடந்த பத்து ஆண்டுகளில் என்னை மிகவும் கலங்கவைத்தது 2023 டிசம்பர் 17, 18. குமரிக் கடல் மேல் நின்ற காற்றுச் சுழற்சி காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரியைவிட அது அதிகம். தாமிரபரணி கரை உடைத்தது. திருவைகுண்டத்தில் இரயிலோடு பயணிகள் சிக்கினார்கள். உப்பளங்களில் சேமித்திருந்த உப்பு கரைந்தது. கரிசலில் காய்க்கத் தொடங்கியிருந்த உளுந்தும் பாசியும் நீரில் நின்று அழுகின. பருவத்தின் மொத்தக் கணக்கில் மாநிலம் அவ்வாண்டு இயல்பை ஒட்டியே முடித்தது. முன்கணிப்பும் அந்த அளவில் பொய்க்கவில்லை.

இதனால்தான் மொத்த அளவை மட்டும் சொல்லும் முன்கணிப்பு எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. இயல்பைவிடக் கூடுதல் என்ற சொல் ஏரி மேலாளருக்கு ஓரளவு உதவும். புழுதியில் விதையைப் போட்டுவிட்டு நிற்பவருக்கு வேண்டியது வேறு: முதல் ஈரமழை அக்டோபரின் எந்த வாரத்தில் வர வாய்ப்பு, அதற்கும் அடுத்த மழைக்கும் இடையே எத்தனை நாள் மழையில்லாமல் காயலாம், மழை மார்கழியில் நின்றுவிடுமா, தைக்குள்ளும் நீளுமா. இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே இவற்றை ஓரளவு கணிக்கும் முறைகள் இப்போது வானிலைத் துறையிடம் உள்ளன. வாரந்தோறும் அவை வெளியிடப்படவும் செய்கின்றன. அவற்றை மாவட்டம் வாரியாக, பயிர் வாரியாக, உப்பளத்துக்குத் தனியாகவும் கரிசலுக்குத் தனியாகவும், புரட்டாசி பிறக்கும் முன்பே தமிழில் சொல்லத் தொடங்கினால், சித்தப்பா என்னைக் கேட்க வேண்டிய தேவை இருக்காது.